மஞ்சக்குப்பம் மீன்தொட்டி: பழைய ஆங்கிள் தொட்டியைப் பாம்புக்கு வீடாக்கியபோது நடந்தவை

2024 செப்டம்பரில் ஒரு குட்டி யானை வண்டியில், பழைய போர்வை சுற்றி, அந்தத் தொட்டி என் கடைக்கு வந்து இறங்கியது. இறக்குவதற்கு நாலு ஆள் வேண்டியிருந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருஷத்துக்கு மேலாக மீன்தொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சிலிக்கான் பசை புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய தொட்டி ஒன்றைக் கையால் தொட்டது அதுதான் இரண்டாவது முறை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். எல் வடிவ இரும்பு ஆங்கிளை வெல்டு வைத்துச் சட்டம் கட்டி, கால் அங்குலக் கண்ணாடியை உள்பக்கமாகப் புட்டி (கண்ணாடி பதிக்கும் பசைமாவு) கொடுத்துப் பதித்திருந்தார்கள். அடியில் கண்ணாடி கிடையாது. முக்கால் அங்குலத்துக்கும் மேல் கனமான கடப்பா கல்.

கொண்டுவந்தவர் மஞ்சக்குப்பத்தில் ஒரு காலத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரின் பேரன். தொட்டி அந்தக் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் இருந்ததாம். ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தித்தான் கம்பவுண்டர் சமாதானம் செய்வாராம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஜன்னல் கதவு பெயர்ந்து கூடத்துக்குள் விழுந்தது, தொட்டிக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. புட்டித் தொட்டியை வருஷக்கணக்கில் காயப் போட்டால் புட்டி சுருங்கி வெடிப்பு விடும். மறுபடி தண்ணீர் நிற்காது. தொட்டியைக் கொண்டுவந்த தம்பிக்கும் அது தெரிந்திருந்தது.

“அண்ணே, தாத்தா ஞாபகமா வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான். தூக்கிப் போட மனசு வரல. என் பாம்புக்கு இதை வீடாக்கித் தர முடியுமா?”

அந்த வேலையை நான் ஒருமுறை தப்பாகச் செய்து, பிரித்து, மறுபடி செய்தேன். இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

என்ன பாம்பு என்று கேட்காமல் டேப்பைக் கையில் எடுக்கவில்லை. நம் ஊர்ப் பாம்பு எதுவானாலும், சாரையோ மண்ணுளியோ மலைப்பாம்புக் குட்டியோ, வீட்டில் வைத்து வளர்க்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. வயலில் பிடித்தேன், பாவமாக இருந்தது என்று சொல்லி வந்தவர்களை வனத்துறைக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இது பால் பைத்தான். இந்தப் ‘பால்’ பந்தைக் குறிக்கிறது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, விஷமில்லாதது. வன உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், இப்படிப்பட்ட விலங்கை வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்யவேண்டும் என்றன. தம்பி பதிவு செய்திருந்தார். தாளை வாங்கிப் படித்துப் பார்த்த பிறகுதான் வேலையை ஒப்புக்கொண்டேன். இதைக் கேட்பதற்கு எந்தத் தொழிலாளியும் கூச்சப்படக் கூடாது.

பாம்பு பெண். அன்றைக்கு 92 சென்டிமீட்டர் நீளம், 780 கிராம் எடை.

மீனுக்குக் கட்டியது

அந்தத் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 255 லிட்டர் பிடிக்கும். அதாவது கால் டன் தண்ணீர் நாலு பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கும். அதைத் தாங்கத்தான் அந்த ஆங்கிள், அந்தக் கனத்த கண்ணாடி. அந்தக் காலத்து மேஸ்திரியின் மனசெல்லாம் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்பதிலேயே இருந்திருக்கும். மேல்பக்கத்தைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. தண்ணீர் மேலே ஏறிப் போகாதே!

பாம்பு ஏறிப் போகும். ஒரு கிலோகூட இல்லாத உயிர் கண்ணாடியைத் தள்ளி உடைக்காது. ஆனால் எந்த மூலை ஆடுகிறது, எந்த இடுக்கில் தலை நுழைகிறது என்று ராத்திரி முழுக்கத் தேடும். தலை போன இடத்தில் உடம்பு போய்விடும். இருபது வருஷமாக அடியையும் பக்கத்தையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண் என்னுடையது. முதல் தடவை நான் சறுக்கியது அதனால்தான்.

முதல் அமைப்பு

தொட்டியின் தோற்றம் மாறக் கூடாது என்று தம்பி கேட்டுக்கொண்டார். அதனால் புட்டியை அப்படியே விட்டு, உதிர்ந்த இடத்தில் மட்டும் சுரண்டிச் சிலிக்கான் கொடுத்தேன். மேலே பலா மரத்தில் சட்டம் செய்து, கொசுவலைக் கம்பியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள வலை அடித்து மூடியாக்கினேன். மூடி மூன்று கிலோ. மேல் ஆங்கிளின் உதட்டில் நன்றாக உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. பாம்பின் எடையைப் போல நாலு மடங்கு, போதும் என்று நினைத்தேன். அக்டோபர் முதல் வாரம் தொட்டி வீட்டுக்குப் போனது.

ஆறாம் நாள் தம்பி ஒரு போட்டோ அனுப்பினார். பாம்பின் மூக்கு நுனிச் செதில் தேய்ந்து, மிளகில் பாதி அளவுக்குச் சிவந்திருந்தது. புது இடம், உரசிக்கொண்டிருக்கும் என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம். மூக்குத் தேய்ந்திருக்கிறது என்றால் ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் முட்டித் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்போதே ஓடிப் போய் மூடியை ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலையில் தொட்டி காலி.

நான் போய்ச் சேர்ந்தபோது மூடி அதன் இடத்தில்தான் இருந்தது. வலது பின்மூலையை விரலால் அழுத்தினேன். எதிர் மூலை எழும்பியது. டேப் வைத்து மேல் சட்டத்தின் நாலு மூலைகளின் உயரத்தையும் அளந்தால் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். சட்டம் முறுக்கியிருந்தது. மூடி நேராக இருந்தும் உட்காரும் இடம் நேராக இல்லை. தூக்க முடியாத மூன்று கிலோவைப் பாம்பு தூக்கவே இல்லை. ஆடுகிற மூலையில் மூக்கைக் கொடுத்து, ஆப்பு அடிப்பது போல உடம்பை நுழைத்துப் போய்விட்டது. அது வெளியே போனதும் மூடி தானாக இறங்கிவிட்டது. வலைக் கம்பியில் மெல்லிய செதில் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைய பகலை மறக்க முடியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் மதில் ஓரமாகக் கண்ணாடி விரியன் போனதாகச் சொல்லிவிட்டார். பால் பைத்தானின் பழுப்புத் திட்டுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் விரியன் என்று எண்ணத் தோன்றும். தெருவில் தடியோடு ஆள் கூடிவிட்டது. அவர்கள் பாம்பை அடித்துவிடுவார்கள் என்பது தம்பியின் பயம். என் பயம் அதற்கு நேர்மாறு. கடலூர் பக்கம் விரியனுக்குப் பஞ்சமில்லை. மதில் ஓரம் போனது நிஜமாகவே விரியனாக இருந்து, அது நம் வளர்ப்புப் பாம்புதான் என்று தம்பி கையை நீட்டியிருந்தால்? இரண்டும் பொட்டும் திட்டுமான தடித்த உடம்புக்காரர்கள். விரியனின் முதுகில் சங்கிலி போல மூன்று வரிசை முட்டைப் புள்ளிகள் ஒழுங்காக ஓடும், செதில் சொரசொரப்பாக இருக்கும். புல்லுக்குள் பாதி மறைந்து கிடக்கையில் அதையெல்லாம் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? வெளியே பார்க்கிற எந்தப் பாம்பையும் யாரும் தொடக் கூடாது, பார்த்தால் தூர நின்று குரல் கொடுத்தால் போதும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். வனத்துறைக்கும் தகவல் கொடுத்தோம். மறைத்து வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

வீட்டுக்குள் தேட வழி சொன்னது தம்பியின் ஆயா (பாட்டி)தான். எண்பதைத் தாண்டியவர். சாயங்காலம் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, ஒவ்வொரு அறை வாசற்படியிலும் குறுக்கே ஒரு விரல் கனத்துக்கு மாவை இழுத்துவிட்டார். “எங்க போவுதுன்னு அதுவே சொல்லும். வௌக்க அணைச்சிட்டுப் படுங்க” என்றார். மறுநாள் காலை மற்ற வாசலெல்லாம் கோடு கோடாகவே இருந்தது. அடுக்களை வாசலில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மாவு கலைந்து, உள்ளே போகும் திசையில் ஈர்க்குச்சியால் வருடியது போலத் தடம். ஃப்ரிட்ஜை மெதுவாக நகர்த்தினோம். பின்னால் கம்ப்ரஸர் சூட்டில் பந்தாகச் சுருண்டு கிடந்தது. ஓடிப்போன பாம்பு சூடான, நெருக்கமான இடத்தைத்தான் தேடும் என்பதை அதன் பிறகு எல்லோருக்கும் சொல்கிறேன்.

பிரித்துக் கட்டியது

தொட்டி மறுபடி கடைக்கு வந்தது. இந்த முறை எதை மாற்றக் கூடாது என்ற பேச்சே எழவில்லை.

இப்படிப்பட்ட தொட்டியைப் பாம்புக்கு மாற்றுகிறவர்கள் பலரும் செய்கிற காரியம், தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, திறந்த வாயை முன்பக்கமாக்கி, அதில் கதவு வைப்பது. முழுக் கண்ணாடித் தொட்டிக்கு அது நல்ல யோசனை. இங்கே கூடாது. அந்தக் கடப்பா கல் மட்டும் முப்பது கிலோ. சாய்த்தால் அது பின்சுவராக நிற்கும்; அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அரை அங்குல உதடும் காய்ந்துபோன புட்டியும். எந்த நேரத்திலும் உள்ளே சாயலாம். நான் வேறு வழியில் போனேன். உள்ளே தண்ணீர் இல்லாதபோது முன்கண்ணாடி தாங்குவதற்கு ஒரு பாரமும் இல்லை. அதை முழுசாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் நகரும் கண்ணாடிக் கதவு வைத்தால் போதும்.

முன்பக்கக் கதவால் இன்னொரு நன்மையும் உண்டு. மேலிருந்து இறங்கும் கையைப் பருந்து வருவது போலத்தான் பாம்பு எடுத்துக்கொள்ளும். எதிரே, அதன் உயரத்தில் நீளும் கையைப் பார்த்து அவ்வளவு மிரளாது.

அதற்கு முன் புட்டி. இந்த ஒரு வேலைக்கே நாலு நாள் போனது. பழைய புட்டி ஆளி எண்ணெயும் சுண்ணத் தூளும் சேர்த்துப் பிசைந்தது. அந்தக் காலத்தில் அதில் ஈய வெள்ளையும் சேர்ப்பார்கள், இரும்புக்கு அடிப்பூச்சாகச் சிவப்பு ஈயமும் அடிப்பார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். இந்தத் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் மேல் பெயிண்டைச் சுரண்டியதும் ஆரஞ்சு கலந்த சிவப்பு தெரிந்தது. ரெட் ஆக்சைடு என்றால் செங்கல் நிறத்தில் இருக்கும், அது வெறும் இரும்புத் துரு வகை. இது வேறு மாதிரி பளிச்சென்று இருந்தது. கண்ணால் பார்த்து முடிவு செய்வது வேண்டாம் என்று ஈயம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்தேன். கிரைண்டர் போடவில்லை, தீயால் சுடவும் இல்லை, சுட்டால் ஈயம் புகையாகும். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈர எமரித் தாளால் தேய்த்து, வழிந்த சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்து, மூட்டை கட்டித் தனியாக வைத்தேன். முகக்கவசம், கையுறை, வேலை முடிந்ததும் சட்டையைத் தனியாகத் துவைப்பது, பிள்ளைகளைக் கடைக்குள் விடாதது. தரையோடு வயிற்றை உரசி, நாக்கை நீட்டி நீட்டி உலகத்தை அறிகிற உயிர் இது. உதிரும் ஈயப் புட்டிக்குப் பக்கத்தில் அதை ஒன்பது நாள் விட்டிருந்தேன் என்பது என்னை உறுத்தியது.

புட்டி இருந்த இடத்தில் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் சிலிக்கான் பிடிக்காது, இரண்டு மாதத்தில் நாடாவாக உரிந்து வரும். முதல் அமைப்பில் நான் வைத்த ஒட்டுகளை நகத்தால் இழுத்தபோது அப்படித்தான் வந்தன. பிளேடால் கண்ணாடியைச் சுத்தமாக வழித்து, அசிட்டோன் போட்டு இரண்டு முறை துடைத்தேன். சட்டத்துக்கு எபாக்ஸி பிரைமரும் மேலே எனாமலும். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற வீட்டில் வெறும் இரும்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிறகு மூன்று கண்ணாடிகளையும் கல்லையும் மீன்தொட்டிக்கான சிலிக்கானில் பதித்தேன். பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறை சிலிக்கானை இதில் தொடவே கூடாது. சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை வரும். அந்த வாடை முற்றிலும் போகிற வரைக்கும், பன்னிரண்டு நாள், தொட்டியைத் திறந்தே போட்டேன்.

முறுக்கிய சட்டத்தை நிமிர்த்த முயலவில்லை. வெல்டு விட்டுவிடும். அதற்குப் பதில் கதவுக்கான தண்டவாளத்தைச் சட்டத்தில் நேரடியாக வைக்காமல், இடையில் பலாப் பலகை கொடுத்து, அந்தப் பலகையை முறுக்குக்கு ஏற்றபடி இழைத்தேன். இடது முனையில் நாலு மில்லிமீட்டர் கனம் குறையும். மேலும் கீழும் நூல் பிடித்தாற்போல் நேராக வந்த பிறகுதான் தண்டவாளம் ஒட்டினேன்.

கீழ்ப்பலகை நாலு அங்குல உயரம். அதற்குக் காரணம் உண்டு. உள்ளே பரப்பும் தேங்காய் மட்டைத் துண்டு தண்டவாளத்துக்குள் விழுந்தால் கதவு முழுசாக மூடாது. அரிசி அகலத்துக்கு ஒரு இடைவெளி நிற்கும், அதைப் பகலில் கண்ணால் பார்க்க முடியாது. பலகை உயரமாக இருந்தால் துண்டு அதன் கீழேயே நின்றுவிடும். இரண்டு கதவுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஐந்து மில்லிமீட்டர் சந்து விழும். அதற்கு ஒரு கண்ணாடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினேன். நகைக்கடை ஷோகேஸுக்குப் போடுகிற பல் பூட்டு ஒன்று. சாவி ஆயாவின் இடுப்புக் கொத்தில்.

மேல்பக்கம் இனி திறக்காது. பாதிக்கு மரைன் பிளைவுட், பாதிக்கு நெருக்கமான துருப்பிடிக்காத வலை, உள்பக்கம் ஓரமெல்லாம் மடித்து, மூக்கு உரசினாலும் கிழியாதபடி. கீழ்ப்பலகையில் ஒரு வரிசை சிறு துளைகள். சூடான காற்று மேல் வலை வழியாக ஏறும்போது கீழ்த் துளை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். மேலே மட்டும் திறந்த தொட்டியில் இந்த ஓட்டம் கிடைக்காது. ஈரமும் கழிவின் வாடையும் அடியிலேயே தேங்கும்.

பொருள் செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். இரண்டாம் முறைக்கான கூலியை நான் வாங்கவில்லை.

கல்லும் சூடும்

இந்தப் பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி வேண்டும். இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தால், வேண்டியதை அதுவே நகர்ந்து எடுத்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் என்னும் சூடேற்றும் விரிப்பை ஒட்டுவதுதான் வழக்கம். பாம்பு இல்லாமல் வெறும் தொட்டியில் அதைச் செய்து பார்த்தேன். கல்லின் மேல்பக்கம் சூடு தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தெர்மோஸ்டாட் 32ல் அணைத்த பிறகும் கல் நிற்காமல் ஏறி 36 வரை போனது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரிதான், நெருப்பு அணைந்தாலும் கல்லுக்குத் தெரியாது. பாம்புக்குச் சூட்டுக்காயம் படுவது இப்படித்தான். அடிவயிற்றுச் சூட்டை அது சீக்கிரம் உணர்ந்து விலகாது. மேட்டைக் கழற்றிவிட்டேன். சூடான பக்கக் கூரையில், பிளைவுட்டிலிருந்து நன்கு தள்ளி, பீங்கான் ஹோல்டரில் 60 வாட் செராமிக் ஹீட்டர், பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூண்டு, தெர்மோஸ்டாட்.

நம் ஊரில் அது வருஷத்தில் பாதி நாள் எரியவே எரியாது. இங்கே பெரிய பிரச்சினை குளிரவைப்பது. அதனால் தொட்டியைக் கிழக்கு ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவர் ஓரம் வைத்தோம். கண்ணாடிப் பெட்டிமேல் நேர்வெயில் அரை மணி நேரம் விழுந்தால் உள்ளே இருக்கிற உயிர் பிழைக்காது.

புயல் நாட்கள்

நவம்பர் நடுவில் பாம்பு உள்ளே போனது. இரண்டு வாரத்தில், 30ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். தம்பியின் வீட்டில் மின்சாரம் இரண்டு நாள் இல்லை.

சூட்டைப் பற்றிப் பயந்தோம். ஆனால் ஹீட்டர் இல்லாமலேயே உள்ளே 25க்குக் கீழே இறங்கவில்லை. ஈரம்தான் ஏறியது, ஈரமானி 88 சதவீதம் காட்டியது. பால் பைத்தானுக்கு 55 முதல் 70 போதும். காற்று ஓடாமல் ஈரம் மட்டும் தேங்கினால் மூச்சுக் குழாயில் தொற்று வரும்: வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்கில் குமிழி தெரியும். நனைந்த மட்டைத் துண்டை முழுசாக அள்ளி எடுத்துவிட்டு, செய்தித்தாளைப் பரப்பி, தண்ணீர்க் கிண்ணத்தைச் சின்னதாக்கி, தம்பி இரண்டு வேளை தாளை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. பலாப் பலகை ஊதிக் கதவு கொஞ்சம் இறுகியது, மெழுகுவர்த்தி தேய்த்ததும் சரியாயிற்று.

உரியாத சட்டை

ஈரத்தைப் பார்த்துப் பயந்த எங்களுக்கு, அடுத்த சங்கடம் வறட்சியால் வந்தது. கடலோரத்தில், மே மாதத்தில்!

2025 கத்திரி வெயிலில் அறை 35ஐத் தொட்டது. தம்பி தொட்டி இருக்கும் அறையில் ஏசி போட ஆரம்பித்தார், சாயங்காலம் முதல் காலை வரை. வெளியே காற்றில் ஈரம் பிழிந்தால் சொட்டும், ஏசி அறைக்குள் மானி 41. அந்த மானியை யாரும் பார்க்கவில்லை. ஊரே வியர்வையில் குளிக்கும்போது காற்று வறண்டிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

சட்டை உரிக்கும் நேரம் வந்தது. கண் பால் ஊற்றியது போல மங்கி, நாலு நாளில் தெளிந்தது. வழக்கமாக அதற்குச் சில நாளில் வாயோரத்தில் தொடங்கி, காலுறையைக் கழற்றுவது போல ஒரே உறையாக உள்வெளியாகத் திரும்பி வந்துவிடும். இந்த முறை துண்டு துண்டாக வந்தது. கழுத்திலும் வால் நுனியிலும் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டது. வலது கண்ணில் பழைய கண்ணாடிச் செதில் அப்படியே நின்றுவிட்டது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பது தெளிந்த ஒரு செதில்தான், சட்டையோடு அதுவும் கழல வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கண் கருப்பு மணியாக மின்னியது, வலது கண்ணில் மட்டும் பழைய பிளாஸ்டிக் தாள் போல ஒரு சுருக்கம். இடுக்கி வைத்துப் பிடுங்கலாமா என்று தம்பி கேட்டார். கூடவே கூடாது என்றேன். புதுச் செதிலோடு சேர்ந்து வந்தால் கண் போய்விடும். புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். வெதுவெதுப்பான ஈரத்துணிப் பைக்குள் அரை மணி நேரம் விட்டால் உடம்பில் ஒட்டியது வந்துவிடும், கண்ணை அடுத்த உரிப்பு வரை தொடாமல் ஈரத்தைச் சரிசெய்யுங்கள் என்றார்.

தொட்டி முழுக்க ஈரமாக்கினால் மறுபடி புயல் நாள் கதைதான். ஒரு மூலையில் மட்டும் ஈரம் வேண்டும். வழி எனக்கு மண்பானையில் கிடைத்தது. 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது. விஷம் எடுக்கக் கொண்டுவரும் பாம்புகளை அங்கே மண்பானைக்குள் விட்டு, வாயில் துணி கட்டித்தான் வைக்கிறார்கள். சுட்ட மண் மூச்சு விடும். ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், கூடவே குளிரும். கோடையில் நம் வீட்டுப் பானைத் தண்ணீர் செய்கிற அதே வேலை. வில்லியனூரில் ஒரு குயவரிடம் வாயகன்ற, பூச்சில்லாத சட்டி ஒன்று வாங்கி, கவிழ்த்து, ஓரத்தில் அரத்தால் தேய்த்து வாசல் வைத்தேன். உள்ளே தேங்காய் நார்க்கழிவு, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் மூன்று தண்ணீர் அலசிய பிறகு. சட்டியை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்து வைக்க வேண்டும். வெளியே 48 இருக்கையில் சட்டிக்குள் மானி 80 காட்டியது. எது வேண்டுமோ அங்கே அது போய்ப் படுத்துக்கொள்ளட்டும்.

முதல் இரண்டு நாள் பக்கத்தில்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சட்டி வாசலில் தலை மட்டும் தெரிந்தது.

அதே சமயம் இன்னும் சில பழக்கங்களை மாற்றினோம். அந்த அறையில் கொசுவத்தியும் லிக்விடும் நிறுத்தம். அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து பாம்பின் நரம்பைத் தாக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையையும் ஆயா கூடத்தோடு நிறுத்திக்கொண்டார். எறும்புக்குச் சாக்பீஸ் கிடையாது. பழைய சோற்று அலமாரிக்குச் செய்வது போலத் தொட்டி நிற்கும் மேசையின் நாலு காலுக்கும் கிண்ணம் வைத்து உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். பாம்பின் தண்ணீர்க் கிண்ணம் கழுவுவது வெளிக்குழாயில் மட்டும், கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுக்களைக்குள் போவதில்லை. ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். எண்பது வயது ஆள் இருக்கிற வீட்டில் அதில் சலுகை காட்ட முடியாது.

இப்போதைய நிலை

அடுத்த உரிப்பு ஜூன் கடைசியில். தம்பி சட்டையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வாய் முதல் வால் நுனி வரை ஒரே உறை. ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துத் தலைப் பகுதியைப் பார்த்தோம். இடது பக்கம் ஒரு வட்டக் கண்ணாடி, தெளிவாக. வலது பக்கம் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. மே மாதம் நின்றுபோனதும் சேர்ந்து வந்துவிட்டது.

மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். தண்டவாளத்தைத் தூரிகையால் சுத்தம் செய்து, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு மூலையையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். கீழ் உதட்டில் ஒரு இடத்தில் துருப் பொட்டு வந்தது, தேய்த்து மறுபடி பூசினேன். பாம்பு இப்போது 118 சென்டிமீட்டர், ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. பெண் பாம்பு இன்னும் வளரும். ஒன்றரை அடி அகலம் அதற்குக் காணாத நாள் வரும். பின்கண்ணாடியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரை அடி ஆழத்துக்குப் பலாப் பலகையில் ஒரு பின்னறை சேர்க்கலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். தாத்தாவின் சட்டம் முன்னால் அப்படியே நிற்கும். மழை முடிந்து தை பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று ஆயா நாள் சொல்லியிருக்கிறார்.